பத்துப் பேரின் விலை: சிவப்பு அட்டைப் பந்தய உத்திகளைச் சோதித்தால் என்ன கிடைக்கும்?

1986 ஜூன் 13, மெக்சிகோ உலகக் கோப்பை. உருகுவேக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான ஆட்டம் தொடங்கி 56 வினாடிதான் ஆகியிருந்தது. எதிரணி வீரரின் காலைப் பதம்பார்த்த உருகுவேயின் ஹோசே பாட்டிஸ்டாவுக்கு நடுவர் சிவப்பு அட்டையை நீட்டினார். உலகக் கோப்பை வரலாற்றில் அதைவிட வேகமாக யாரும் வெளியேற்றப்பட்டதில்லை. ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் பத்துப் பேரோடு ஆட வேண்டிய நிலை உருகுவேக்கு. வென்றே ஆக வேண்டிய கட்டாயம் ஸ்காட்லாந்துக்கு. 89 நிமிடம் முட்டி மோதியும் ஒரு கோல் விழவில்லை. 0-0. உருகுவே அடுத்த சுற்றுக்குப் போனது. ஸ்காட்லாந்து ஊர் திரும்பியது.

2021 பிப்ரவரி 2, ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றில் முதன்முறையாகத் தொடக்கத்திலேயே களமிறக்கப்பட்ட சவுதாம்ப்டன் இளைஞர் அலெக்ஸாண்டர் ஜான்கெவிட்ஸ் இரண்டாவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கினார். அன்று மான்செஸ்டர் யுனைடெட் அடித்த கோல்கள் ஒன்பது. சவுதாம்ப்டன் அடித்தது எதுவும் இல்லை.

அட்டை வந்த நேரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முடிவுகளோ வானமும் பூமியும். கால்பந்துப் பந்தயத்தில் சிவப்பு அட்டையை வைத்து உத்தி வகுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை மனத்தில் ஒட்டவைத்துக்கொண்டவர்கள். ஓல்ட் டிராஃபோர்டை நினைவில் வைத்திருப்பவர், அட்டை விழுந்ததும் பதினொரு பேர் அணியின் மீது பணம் கட்டுகிறார்; இல்லையென்றால் ‘இன்னும் கோல்கள் விழும்’ என்பதன் மீது கட்டுகிறார். மெக்சிகோவை நினைவில் வைத்திருப்பவரோ, எல்லோரும் பதறிப்போய்ப் பத்துப் பேர் அணியைக் கைவிடுகிறார்கள், அந்தப் பதற்றத்தில்தான் லாபம் இருக்கிறது என்று எதிர்ப்பக்கம் நிற்கிறார். சமநிலையின் மீது கட்டுபவர்கள், அடுத்த கோல் யாருடையது என்பதன் மீது கட்டுபவர்கள் என்று கிளைகளும் உண்டு. இவர்கள் ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டவணை இருக்கும். அதில் லாபமும் இருக்கும். எனக்கு ஆர்வமெல்லாம் அந்த அட்டவணைகள் எப்படித் தயாராகின்றன என்பதில்தான். பல நாடுகளில் பந்தயமே சட்டவிரோதம். பணம் கட்டாமல் தாளில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கும் இந்தக் கணக்கு சுவையானது.

பந்தய விகிதத்தை இங்கே ‘விலை’ என்றே குறிப்பிடுகிறேன்; ஓர் அணியின் மீது பணம் கட்டுவதை அதை ‘வாங்குவது’ என்பேன். விலை 2.50 என்றால், 100 கட்டி வென்றவருக்குக் கட்டிய பணத்தையும் சேர்த்து 250 கிடைக்கும். நேர்மையான விலை என்பது நிகழ்தகவின் தலைகீழ்: 40 விழுக்காடு வாய்ப்புள்ள ஒன்றின் நேர்மையான விலை 2.50. பந்தய நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் நமக்குத் தரும் விலை அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிவப்பு அட்டை ஓர் அணியைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு ஆராய்ச்சி தேவையில்லை, பாதிக்கும். பந்தயக்காரர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அட்டை விழுந்தபின் சந்தை தரும் விலையில் அந்தப் பாதிப்பு கூடுதலாக ஏற்றப்பட்டிருக்கிறதா, குறைவாக ஏற்றப்பட்டிருக்கிறதா? முதல் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டு இரண்டாவதற்கும் அதுவே பதில் என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதி உத்திகள் பிறக்கின்றன.

காகிதத்தில் ஒரு கணக்கு

60-வது நிமிடம், 0-0. இரண்டும் சம பலம் உள்ள அணிகள்; 90 நிமிடத்துக்குச் சராசரியாகத் தலா 1.3 கோல் அடிக்கக்கூடியவை. மிச்சம் இருப்பது அரை மணி நேரமும் நடுவர் கூட்டித் தரும் சில்லறை நிமிடங்களும். அந்த நேரத்துக்குள் ஒவ்வோர் அணியிடமும் 0.45 கோல் எதிர்பார்க்கலாம். கோல்கள் பாய்சான் பரவலின்படி, அதாவது ஒன்றையொன்று சாராமல் ஒரு சீரான சராசரி வேகத்தில், விழுகின்றன என்பது இத்துறையில் வழக்கமான எளிமைப்படுத்தல். அதன்படி ஆட்டம் சமநிலையில் முடிய 49 விழுக்காடு வாய்ப்பு. ஒவ்வோர் அணியும் வெல்லத் தலா 25 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

இப்போது ஓர் அணியில் ஒருவர் வெளியேறுகிறார். எண்கள் எவ்வளவு மாறும்?

யான் வெசெர் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, 2006 உலகக் கோப்பை, 2008 யூரோ ஆகிய தொடர்களை எடுத்துக்கொண்டது. அட்டை வாங்கிய அணி கோல் அடிக்கும் வேகம் ஏறத்தாழ மூன்றில் இரண்டாகக் குறைகிறது, எதிரணியின் வேகம் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. நம் கணக்கில் இதைப் போட்டால் பத்துப் பேர் அணியின் 0.45 என்பது 0.30 ஆகும்; பதினொரு பேர் அணியினுடையது 0.56 ஆகும். பதினொரு பேர் வெல்லும் வாய்ப்பு 25-இலிருந்து 34 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. பத்துப் பேர் வெல்லும் வாய்ப்பு 16-க்கு இறங்குகிறது. சமநிலை? 49 விழுக்காட்டில் இருந்தது கிட்டத்தட்ட 50 ஆகிறது. அதாவது அசையவே இல்லை. இனி விழக்கூடிய மொத்தக் கோல்களின் எதிர்பார்ப்பும் 0.90-இலிருந்து 0.86-க்குச் சற்றே இறங்குகிறது.

முதன்முறை இதைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் ஓர் ஆள் குறைவாக ஆடும் அணி, பாதிக்குப் பாதி வாய்ப்பில் சமநிலையைக் காப்பாற்றிவிடும். ‘சிவப்பு அட்டை வந்தால் கோல் மழை’ என்பது சம பலம் உள்ள அணிகளுக்குப் பொருந்தாது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வலுவான அணி அட்டை வாங்கினால் மொத்தக் கோல்கள் குறைகின்றன, பலவீனமான அணி வாங்கினால் கூடக்கூடும். காரணம் எளிய பெருக்கல்தான். ஆட்டத்துக்கு 2 கோல் அடிக்கும் அணியும் 0.8 கோல் அடிக்கும் அணியும் மோதினால் மொத்தம் 2.8. தொடக்கத்திலேயே வலுவான அணி ஓர் ஆளை இழந்தால் அது 2.3 ஆகும், பலவீனமான அணி இழந்தால் 3.0. ஓல்ட் டிராஃபோர்டில் அன்று அட்டை வாங்கியது பலவீனமான அணி.

ஆனால் இதற்கு 15 ஆண்டுகள் முன்னதாக, 1994-இல், நெதர்லாந்து லீக் ஆட்டங்களை வைத்துக் கேர்ட் ரிடரும் அவருடைய சகாக்கள் இருவரும் செய்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. இத்துறையின் மூத்த கட்டுரை அது. பத்துப் பேர் அணியின் கோல் வேகம் ஏறக்குறைய மாறவே இல்லை, சுமார் 0.95 மடங்கு. எதிரணியின் வேகமோ சுமார் 1.88 மடங்கு. நம் 60-வது நிமிட ஆட்டத்தில் இந்த எண்களைப் போட்டால் பதினொரு பேர் வெல்லும் வாய்ப்பு 43 விழுக்காடு, சமநிலை 39 விழுக்காடு, மிச்சக் கோல்கள் 1.27.

ஒரே ஆட்டம், ஒரே அட்டை. ஓர் ஆய்வின்படி பதினொரு பேர் அணியின் நேர்மையான விலை 2.91, இன்னோர் ஆய்வின்படி 2.31. பந்தய நிறுவனம் எடுத்துக்கொள்ளும் சில விழுக்காட்டோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி யானைக்கும் பூனைக்கும் உள்ளது. ரிடரின் எண்தான் இன்றைய ஆட்டத்துக்கும் உண்மை, சந்தை வெசெரின் எண்ணைப் பின்பற்றுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், பதினொரு பேர் அணியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நிலைமை தலைகீழாக இருந்தால் அதே பந்தயம் பையைக் காலி செய்யும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ரிடர் எண்ணியது உண்மையில் விழுந்த கோல்களை. வெசெர் குழு பயன்படுத்தியது ஆட்டத்தின் நடுவே ஓடிய பந்தய விலைகளை: அட்டைக்கு முன்பும் பின்பும் விலை எப்படி நகர்ந்தது என்பதிலிருந்து கோல் வேகத்தை உரித்தெடுத்தார்கள். ஆக, மூன்றில் இரண்டு, ஒன்றேகால் மடங்கு என்பவை சந்தையின் அபிப்பிராயம். சந்தை சொல்வது சரியா என்று சோதிக்கக் கிளம்புபவர் அதே சந்தையிலிருந்து எடுத்த எண்ணை அளவுகோலாக வைத்தால், தன் நிழலைத் தானே அளந்துகொண்டிருப்பார்.

கடிகாரம் செய்யும் கள்ளத்தனம்

காகிதத்தில் லாபம் காட்டும் உத்திகள் பெரும்பாலும் விழும் பள்ளம் ஒன்றுதான்: எந்த நொடியின் விலை?

நடுவர் பையிலிருந்து அட்டையை எடுத்ததும் பந்தய நிறுவனங்களும், பந்தயக்காரர்கள் தங்களுக்குள் விலை பேசிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சுகளும் சந்தையை நிறுத்திவைக்கின்றன. கோல், பெனால்டி, சிவப்பு அட்டை மூன்றுக்கும் இதுதான் நடைமுறை. மறுபடி திறக்கும்போது விலை புதியதாக இருக்கும். நேரலையில் ஒருவர் பந்தயத்தை அனுப்பினாலும் அது ஏற்கப்பட்டுப் பதிவாகச் சில நொடிகள் வேண்டுமென்றே தாமதிக்கப்படும். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர், தொலைக்காட்சியில் பின்தங்கிப் பார்ப்பவரை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இப்போது சோதனை செய்பவரின் மேசைக்கு வாருங்கள். அவரிடம் நிமிடத்துக்கு ஒரு விலை என்று பதிவான கோப்பு இருக்கிறது. அட்டை 63-வது நிமிடத்தில் விழுந்ததாகத் தரவு சொல்கிறது. அவருடைய நிரல் 63-வது நிமிட விலையை எடுத்துக்கொள்கிறது. அந்த விலை பதிவானது அட்டைக்கு 20 நொடி முன்பாக இருந்தால்? நாளைய செய்தித்தாளைப் படித்துவிட்டு இன்று பந்தயம் கட்டியதற்குச் சமம். நம் எடுத்துக்காட்டில் பதினொரு பேர் அணியின் நேர்மையான விலை அட்டைக்கு முன் 3.95, பின் 2.91. பழைய விலையில் வாங்கியதாகக் கணக்கு எழுதினால் ஒவ்வொரு பந்தயத்திலும் சராசரியாக 35 விழுக்காட்டுக்கு மேல் லாபம். இப்படிப்பட்ட விலை நூறில் பத்துப் பதிவுகளில் புகுந்தாலே போதும், எந்த உருப்படாத உத்தியும் தங்கச் சுரங்கமாகத் தெரியும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அட்டை விழுந்த ஐந்து நிமிடத்துக்குப் பிந்தைய விலையை எடுப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கோல் விழாவிட்டால் வெல்ல வேண்டிய அணியின் விலை ஏறிக்கொண்டே போகும். நேரம் கரையக் கரைய அதற்கு வாய்ப்பு குறைகிறது அல்லவா? ‘சந்தை அளவுக்கு மீறி எதிர்வினையாற்றியது, பின்பு திருத்திக்கொண்டது’ என்று சிலர் வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். அவர்கள் காட்டுவது கடிகாரம் ஓடியதை. கோல் விழுந்த ஆட்டங்களை ஒதுக்கிவிட்டு வரைந்த வரைபடமாக இருந்தால் அது இன்னும் மோசம்.

விலை கிடைத்தால் மட்டும் போதாது. அந்த விலையில் எதிரே பணம் நிற்க வேண்டும். பெரிய லீக் ஆட்டங்களில் நிற்கும். இரண்டாம் தரப் பிரிவுகளில், சந்தை மறுபடி திறந்த முதல் நிமிடத்தில், பெரும்பாலும் சில்லறைதான் நிற்கும்.

யாருக்கு அட்டை விழுகிறது?

சிவப்பு அட்டை வானத்திலிருந்து குருட்டாம்போக்கில் விழுவதில்லை. பின்தங்கிய அணி விரக்தியில் முட்டுகிறது. பந்து தன் காலில் இல்லாத அணி அதிகம் தடுக்க வேண்டியிருக்கிறது. தடுப்பவர்தான் தவறு செய்கிறார். ஆக, ‘அட்டை வாங்கிய அணிகளில் இத்தனை விழுக்காடு தோற்றன’ என்ற எண்ணுக்குள், அட்டை இல்லாமலும் தோற்றிருக்கக்கூடிய அணிகள் நிறைய ஒளிந்திருக்கின்றன. ரிடர் குழுவின் கட்டுரை இன்றும் பேசப்படுவதற்கு ஒரு காரணம், அணிகளின் ஒப்பீட்டு பலத்தால் கலப்படமாகாத ஒரு மதிப்பீட்டை உருவாக்க அவர்கள் முயன்றதுதான்.

உள்ளூர் அணியா, வெளியூர் அணியா என்பதும் முடிவை மாற்றுகிறது. ஜெர்மானிய பண்டஸ்லிகா ஆட்டங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, உள்ளூர் அணிக்கு விழும் அட்டை எப்போதும் கெடுதல் என்றும், வெளியூர் அணிக்குக் கடைசிக் கட்டத்தில் விழும் அட்டை அவ்வளவு கெடுதல் இல்லை என்றும் முடிவு கண்டது. ஒரு புள்ளி போதும் என்று வந்த அணி, அட்டைக்குப் பின் முழுவதுமாகக் கோட்டைக் கதவைச் சாத்திக்கொள்கிறது. நுழைவதற்கு வழி தேட வேண்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள். 2012-இல் பார்சிலோனாவின் மைதானத்தில் 37-வது நிமிடத்தில் ஜான் டெர்ரியை இழந்த செல்சி 2-2 என்று முடித்து சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்குப் போனது. 2010-இல் அதே மைதானத்தில் தியாகோ மோட்டாவை 28-வது நிமிடத்தில் இழந்த இன்டர் மிலான் 1-0 என்று தோற்றும் இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் தப்பியது. இவை இரண்டும் ‘பத்துப் பேரை வாங்கு’ கட்சியின் புனித நூல்கள். 2006 இறுதிப் போட்டியில் 18-வது நிமிடத்தில் கோல்கீப்பர் யென்ஸ் லேமனை இழந்த ஆர்சனல், முதலில் கோல் அடித்து 76-வது நிமிடம்வரை முன்னிலையில் இருந்துவிட்டு, கடைசியில் அதே பார்சிலோனாவிடம் 2-1 என்று தோற்றதை அவர்கள் அவ்வளவாகக் குறிப்பிடுவதில்லை.

அட்டையோடு சேர்ந்து பெனால்டியும் வரும்போது குழப்பம் இரட்டிக்கிறது. 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவின் கார்லோஸ் சான்செஸ் மூன்றாவது நிமிடத்தில் கோலை நோக்கிப் போன பந்தைக் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, கூடவே பெனால்டி. ஜப்பானின் ககாவா அதைக் கோலாக்கினார். கடைசியில் ஜப்பான் 2-1 என்று வென்றது. அந்த முதல் கோலை ஆள் குறைந்ததன் விளைவு என்று எண்ணலாமா? கூடாது, அது பெனால்டியின் விளைவு. அட்டைக்குப் பின் விழுந்த கோல் என்று தரவு அதைச் சொன்னாலும் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆள் குறைந்தபின் ஆடிய ஆட்டத்தில் ஸ்கோர் 1-1. கானாவுக்கு எதிராக 2010-இல் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ் கையால் தடுத்ததும் இதே வகைதான், ஆனால் கானா பெனால்டியைத் தவறவிட்டு ஷூட்-அவுட்டில் தோற்றது. அட்டை வாங்கிய அணி வென்ற ஆட்டங்கள் என்ற பத்தியில் அது சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

இலவசமாகக் கிடைக்கும் தரவுக் கோப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலவற்றில் ‘உள்ளூர் அணி சிவப்பு அட்டை: 1’ என்று மட்டும் இருக்கும். எந்த நிமிடம் என்று இருக்காது. 12-வது நிமிடத்தில் வெளியேறியவரும் 94-வது நிமிடத்தில் வெளியேறியவரும் ஒரே எண்ணாக நிற்பார்கள். மாற்று வீரர் இருக்கையில் உட்கார்ந்தபடியே அட்டை வாங்கினால் களத்தில் ஆள் குறையாது. அதுவும் எண்ணிக்கையில் சேரலாம். 2019-இலிருந்து பயிற்சியாளர்களுக்கும் அட்டை காட்டலாம் என்று விதி மாறியபின் இந்தக் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. அட்டைக்கு முன்பே மூன்று மாற்று வீரர்களை இறக்கிவிட்ட அணிக்கும் ஒருவரையும் இறக்காத அணிக்கும் வித்தியாசம் உண்டு என்பதைப் பற்றியெல்லாம் அந்தக் கோப்புகள் கவலைப்படுவதே இல்லை.

எத்தனை ஆட்டம் வேண்டும்?

பிரீமியர் லீக்கில் ஒரு பருவத்துக்கு 380 ஆட்டங்கள். அண்மைய பருவங்களில் சிவப்பு அட்டைகள் பெரும்பாலும் 30-க்கும் 60-க்கும் இடையே. ஐம்பது என்று வைத்துக்கொள்வோம். அதில் 85-வது நிமிடத்துக்குப் பின் வந்தவை, ஏற்கெனவே மூன்று கோல் வித்தியாசத்தில் முடிந்துபோன ஆட்டங்களில் வந்தவை, எதிரணிக்கும் அட்டை விழுந்து சமன் ஆனவை எல்லாவற்றையும் கழித்தால் பாதி தேறும். ஒரு பருவத்துக்கு 25.

விலை 2.00 உள்ள பந்தயங்களை எடுத்துக்கொள்வோம். வென்றால் ஒரு பங்கு லாபம், தோற்றால் ஒரு பங்கு நட்டம். இருநூறு பந்தயம் கட்டிய ஒருவருக்கு, உத்தியில் சரக்கே இல்லாவிட்டாலும், 20 முறையில் 19 முறை லாப விகிதம் பூஜ்யத்துக்கு இருபுறமும் 14 விழுக்காட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஆக, 200 பந்தயத்தில் 10 விழுக்காடு லாபம் என்று ஒருவர் காட்டினால், அவர் காட்டுவது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். உண்மையிலேயே 3 விழுக்காடு அனுகூலம் உள்ள உத்தியை, வெறும் அதிர்ஷ்டத்திலிருந்து ஓரளவு நம்பிக்கையோடு பிரித்துக் காண ஏறத்தாழ 4,400 பந்தயங்கள் வேண்டும். விலை 4.00 என்றால் 13,000-க்கு மேல். பருவத்துக்கு 25 என்ற கணக்கில் 4,400-ஐ எட்ட 170 பருவங்களுக்கு மேல் ஆகும். இங்கிலாந்தில் லீக் கால்பந்தே 1888-இல்தான் தொடங்கியது.

உடனே வரும் பதில்: எல்லா நாட்டு லீக்குகளையும் சேர்த்துக்கொள்ளலாமே. சேர்க்கலாம். ஆனால் நடுவர்கள் அட்டை எடுக்கும் மனநிலை லீக்குக்கு லீக் மாறுகிறது, கோல் சராசரி மாறுகிறது, சந்தையின் ஆழமும் மாறுகிறது. பழைய பருவங்களைச் சேர்த்தாலும் அதே சிக்கல். 2016-க்கு முன் தண்டப் பகுதிக்குள் தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்தவருக்கு பெனால்டி, சிவப்பு அட்டை, தடை என்று மூன்று தண்டனையும் கிடைக்கும். அந்த ஆண்டு விதி மாறி, பந்தை ஆட உண்மையாக முயன்றவருக்கு மஞ்சள் அட்டை போதும் என்று ஆனது. ஆகவே 2015-இன் அட்டைகளும் 2017-இன் அட்டைகளும் ஒரே வகைத் தவறுகளிலிருந்து பிறந்தவை அல்ல. வீடியோ உதவி நடுவர் முறை பிரீமியர் லீக்குக்கு 2019-இல் வந்தபின், நேரடிச் சிவப்பு அட்டைகள் வீடியோ சரிபார்ப்புக்குப் பின்பே உறுதியாகின்றன. அந்தக் காத்திருப்பிலேயே விலை நகரத் தொடங்கிவிடும். ஐந்து மாற்று வீரர்கள் என்ற விதி, ஆள் குறைந்த அணி தன் களைப்பைச் சமாளிக்க உதவுகிறது. ஆக, பழைய ஆட்டம் ஒவ்வொன்றும் நம் மாதிரியைப் பெரிதாக்கும்போதே அதன் பொருத்தத்தைக் குறைக்கிறது.

இதற்கிடையே சோதனையாளர் சும்மா இருப்பாரா? முதல் சோதனை நட்டம் காட்டுகிறது. சரி, உள்ளூர் அணி மட்டும். அதுவும் நட்டம். 30-வது நிமிடத்துக்கும் 70-வது நிமிடத்துக்கும் இடையே வந்த அட்டை மட்டும். இப்போது கொஞ்சம் லாபம். அதில் சமநிலையில் இருந்த ஆட்டங்கள் மட்டும். அடடா, 18 விழுக்காடு! ஸ்கோர் நிலை மூன்று, உள்ளூர்-வெளியூர் இரண்டு, நேர இடைவெளி மூன்று, அணி பலம் மூன்று என்று பிரித்தாலே 54 அறைகள் ஆகிவிடும். ஒரு பருவத்தின் 50 அட்டைகளை அவற்றில் பரப்பினால் அறைக்கு ஒன்றுகூட வராது. எந்த அனுகூலமும் இல்லாத 20 உத்திகளைத் தனித்தனியாகச் சோதித்தால், வழக்கமான 5 விழுக்காட்டு அளவுகோலில் ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிட 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றுதான் அட்டவணையாகி ஊர் சுற்ற வருகிறது. தோற்ற 19-ஐ யாரும் காட்டுவதில்லை.

உருப்படியாகச் சோதிக்க விரும்புபவருக்கு இன்னொரு துறையிலிருந்து ஒரு யோசனையைக் கடன் வாங்கலாம். கோல் விழுந்தபின் சந்தை எவ்வளவு சரியாக நடந்துகொள்கிறது என்று கேரன் குரோக்சனும் ஜேம்ஸ் ரீடும் 2014-இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது இடைவேளைக்குச் சற்று முன்பு விழுந்த கோல்களை. இடைவேளையில் ஆட்டம் நிற்கிறது. புதிய செய்தி ஏதும் இல்லை. கடிகாரம் விலையைத் தின்னாது. கோல் செய்தி விலையில் முழுமையாக ஏறியிருந்தால் அந்த 15 நிமிடம் விலை அசையக் கூடாது. அவர்கள் கண்டதும் அதுதான்: விலை உடனே, முழுமையாகத் திருந்திவிட்டது. அதே காலத்தில் டார்வின் சோய், சாம் ஹுய் இருவரும் வேறு வழியில் பார்த்து, எதிர்பாராத கோல்களுக்குச் சந்தை மிகையாகவும் எதிர்பார்த்த கோல்களுக்குக் குறைவாகவும் எதிர்வினையாற்றுகிறது என்றார்கள். கோல்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும்போதே தீர்ப்பு இப்படி இருபக்கமும் சாய்கிறது. சிவப்பு அட்டைகளோ எண்ணிக்கையில் அவற்றின் ஒரு சிறு பங்குதான்.

ஆனாலும் இடைவேளை உபாயத்தைச் சிவப்பு அட்டைக்குப் பயன்படுத்தலாம். 40-வது நிமிடத்துக்கும் முதல் பாதி முடியும் விசிலுக்கும் இடையே விழுந்த அட்டைகளை மட்டும் எடுங்கள். பத்துப் பேர் அணியை வாங்கப்போகிறீர்களா, பதினொரு பேர் அணியையா என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதி, தேதி போட்டு வைத்துவிடுங்கள். இடைவேளையின் நடுவே நின்ற விலையையும் அந்த விலையில் நின்ற பணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நொடிக் குழப்பம் இல்லை, தாமதத்தால் பாதிப்பு இல்லை, சந்தை நிறுத்தம் இல்லை. எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்ளும் தரகையும் கழித்துவிட்டு, இறுதி முடிவோடு ஒப்பிடுங்கள். ஒரு பெரிய லீக்கில் பருவத்துக்கு இப்படிப்பட்ட ஆட்டங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும் என்பது மட்டும்தான் குறை.

1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் சிமியோனியை உதைத்து டேவிட் பெக்காம் வாங்கிய அட்டை இந்தப் பட்டியலில் சேராது. அது இடைவேளை முடிந்து வந்த உடனே, 47-வது நிமிடத்தில் விழுந்தது. பத்துப் பேர் இங்கிலாந்து அதன்பின் கூடுதல் நேரத்தையும் சேர்த்து 70 நிமிடங்களுக்கு மேல் 2-2 என்று தாக்குப்பிடித்து, பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றது. இடைவேளைக்கு முன்பே விழுந்திருந்தாலும் விலைப் பதிவு கிடைத்திருக்காது. ஆட்டத்தின் நடுவே ஆளுக்கு ஆள் விலை பேசிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சான பெட்ஃபேர் தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2000-இல்.